பக்கத்தில் போவதா, தூரம் போவதா: டெல்டாவில் கேமராவோடு ஓர் ஆண்டு

கும்பகோணத்தில் குடியிருப்பவருக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேமராவைத் தொட வாய்க்கிறவருக்கு, எங்கே போவது என்பதே பெரிய கேள்வி. நாலு பக்கமும் அழைப்பு இருக்கிறது. தஞ்சாவூர் ஒரு மணி நேர ரயில் தூரம். தாராசுரத்துக்கு டவுன் பஸ் போதும். கோடியக்கரைக்குப் போவதென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். என்னிடம் இருப்பவை கேமராவோடு வந்த 18-55 லென்ஸும், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும் ஒரு 70-300 ஜூம் லென்ஸும்தான். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் பெரும்பாலோரிடம் இருப்பவையும் இவையே. எனவே ஓர் ஆண்டு அலைந்ததில் எது எதைவிட மேல் என்று எனக்குத் தோன்றியதை இவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கோயில்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் சேர்ந்தன. மூன்றும் கிழக்கு பார்த்தவை. படமெடுப்பவருக்கு இந்த ஒரு செய்தி பாதி வேலையை முடித்துவிடுகிறது. காலை வெயில் முகப்பிலும், மாலை வெயில் விமானத்தின் முதுகிலும் விழும். 1010இல் முடிந்த தஞ்சை விமானம் 216 அடி உயரம். அதன் பிரமாண்டம் மாலையில் மேற்குத் திருச்சுற்றில் நின்று பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. நாலரை மணிக்கு மேல் கல் பொன்னிறத்துக்கு மாறத் தொடங்கும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் கிழக்கு முற்றத்துக்கு வாருங்கள், நிழல் நந்தியை நோக்கி நீண்டு கிடக்கும். அந்த நிழலே ஒரு நல்ல படம். ஞாயிறு மாலைக் கூட்டம்தான் சிக்கல். மனிதர்கள் இல்லாத படம் இங்கே கிடைக்காது. கூட்டத்தையும் சேர்த்தே படமாக்கப் பழகிக்கொண்டால் தஞ்சை அலுக்காது.

கங்கைகொண்ட சோழபுரம் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அணைக்கரை வழியாகப் போக வேண்டும். போகிற வழியிலேயே, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் இறங்கிக்கொள்ளலாம். ராஜேந்திர சோழன் இந்தக் கோயிலை, தஞ்சையில் தந்தை ராஜராஜன் எழுப்பிய விமானத்தைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் கட்டினான். ஆனால் தஞ்சையில் நேர்கோடாக ஏறும் விளிம்பு இங்கே உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. அந்த வளைவு நேர்முகத்தில் பிடிபடாது. புல்வெளியில் விமானத்தின் மூலைக்கு எதிரே தள்ளி நின்றால் பிடிபடும். கூட்டம் குறைவு, நிற்க இடமும் தாராளம். அகல லென்ஸ் இல்லாதவருக்குத் தஞ்சையைவிட இது வசதி.

வடக்கு வாசல் படிக்கட்டின் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். உமையோடு அமர்ந்த சிவபெருமான் சண்டேசரின் தலையில் மாலை சுற்றும் அந்தச் சிற்பத்துக்கு நேர் வெயில் எப்போது கிடைக்கும்? நம் ஊர்களில் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே வைகாசி, ஆனியில் வடக்குச் சுவருக்கு வெயில் உண்டு. மார்கழியில் அந்தச் சுவர் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். சிற்பத்தின் கனிவை நிழலின் மெல்லிய வெளிச்சம் காட்டும். உளியின் ஆழம் தெரிய வெயில் வேண்டும். எனக்கு நிழல்தான் பிடித்தது. பெருமானின் முகத்தில் இருக்கும் பரிவு வெயிலில் கடுமையாகிவிடுகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்த பிறகும் நான் தாராசுரத்துக்குத்தான் முதலிடம் தருவேன். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் விமானம் உயரத்தில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில்கூட வராது. ஆனால் இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பார்க்க வேண்டும். நாயன்மார் வரலாறுகள் அடித்தளத்தில் கையகலச் சிற்பங்களாக ஓடுகின்றன. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைப் பொதுவாக வைத்த ரிஷபகுஞ்சரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் தனி. தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரையும் தெற்குப் பக்கம் இருப்பதால், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே அவற்றுக்கு ஏற்றவை. ஐப்பசி மழையில், சுற்றிலும் உள்ள தரையைவிடத் தாழ்ந்த நந்தி பக்கம் தண்ணீர் தேங்கினால் கோபுரம் தலைகீழாகத் தெரியும். மழை விட்ட தகவல் கிடைத்ததும் அரை மணி நேரத்தில் அங்கே நிற்க முடிகிறதே, அதுதான் பக்கத்தூரின் பலம். தஞ்சையில் மழை விட்டதைக் கேள்விப்பட்டு ரயிலேறினால் போய்ச் சேருவதற்குள் தரை காய்ந்திருக்கும்.

மூன்றுமே தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும், கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது.

பறவைகளுக்கு வருவோம். கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலாவதாகச் சேர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கும் வடுவூர் ஏரி 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கோடியக்கரையில் பூநாரைகள், உப்பளங்கள், வெளிமான்கள், காட்டுக் குதிரைகள் எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும். ஆனால் பூநாரைக் கூட்டம் சதுப்பின் நடுவே வெகுதூரத்தில் நிற்கும். 300 மி.மீ. லென்ஸில் ஒரு பறவையின் கண்ணைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான். அந்தக் கூட்டத்தை வானத்துக்கும் நீருக்கும் நடுவே ஓடும் ஒரு ரோஜா நிறக் கோடாகப் பாருங்கள், அதே லென்ஸ் போதுமானதாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகேதான் கரையைக் கடந்தது. காட்டில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அதற்கு முன் எடுத்த படங்கள் உள்ளவர்கள் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு காட்டின் பழைய முகம் அவற்றில்தான் இருக்கிறது.

வடுவூர் பாசன ஏரி. காவிரித் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால்தான் பறவை. கார்த்திகையிலிருந்து தை வரை போனால் நீர்க்காகம், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி என்று கண் ஓயாது. காட்சிக் கோபுரம் உண்டு. அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். பறவைப் படத்தில் புதிதாக இறங்குபவருக்குக் கோடியக்கரையைவிட வடுவூரையே சொல்வேன்.

ஆனால் இந்த இரண்டையும் தோற்கடிக்கும் இடம் ஒன்று உண்டு, அது எந்தப் பட்டியலிலும் இல்லை. சேற்றுழவு நடக்கும் வயல். டிராக்டர் புரட்டிப் போடும் சேற்றில் புழு பொறுக்க உண்ணிக்கொக்குகளும் சின்னக் கொக்குகளும் சக்கரத்தை ஒட்டியே வரும். மனிதர்களைப் பார்த்து அவை கலைவதில்லை. வரப்பில் உட்கார்ந்தால் பத்தடியில் பறவை, பின்னால் சேறு தெறிக்கும் சக்கரம், மேலே மேகம். 300 மி.மீ. இங்கே அதிகம், 150 போதும். குறுவைக்கு ஆனியிலும் சம்பாவுக்கு ஆவணி, புரட்டாசியிலும் இந்தக் காட்சி நம் ஊர் வயல்களில் கிடைக்கும். குறுவையைவிடச் சம்பா உழவே எனக்கு உசத்தி. அப்போது மேகம் இருக்கும், வெள்ளைச் சிறகு வெளிறிப் போகாது. அப்படியும் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைத்தால்தான் இறகின் வரி தெரியும்.

கடலோரத்தில் பெரிய யோசனை தேவையில்லை. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்துக்கு மனத்தில் இருக்கும் பெருமை படத்தில் வருவதில்லை. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுந்ததும் அந்தச் சுவர் முழுவதும் வெளிச்சம் பரவும். அதிகாலையில் தரங்கம்பாடி, திரும்பும் வழியில் நேரமிருந்தால் பூம்புகார் என்பதே என் வரிசை.

திருவிழாக்களில் ஆழித்தேருக்கும் ஆடிப்பெருக்குக்கும் போட்டி வைப்பது தகுமா என்று கேட்பார்கள். திருவாரூர்த் தேர் 96 அடி. அசையத் தொடங்கும் கணத்தில் உடல் சிலிர்க்கும். ஆனால் அந்த நெரிசலில் ஒரு முறை நின்ற இடத்திலிருந்து நகர முடியாது. மாடியில் இடம் கிடைத்தவருக்கு மாடிப் படம், வடத்தருகே நின்றவருக்கு வடத்தின் படம். ஆடிப் பதினெட்டில் கரை முழுவதும் நமக்குத் திறந்திருக்கிறது. கும்பகோணத்துப் படித்துறைகளில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, தெருவில் சப்பரம் இழுக்கும் பிள்ளைகள் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே படமெடுத்த அக்காவை மறுவாரம் கடைத்தெருவில் பார்ப்போம். நடவு வயலில் படம் எடுத்தால், பிரதி எப்போது தருவாய் தம்பி என்று உரிமையோடு கேட்பார்கள். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், அடுத்த முறை கேமராவைப் பார்த்து யாரும் விறைத்து நிற்பதில்லை. வெளியூர்ப் பயணத்தில் இந்த உறவு அமையவே அமையாது. மூணாறோ ஹம்பியோ போய் வந்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. அழகானவைதான். அவற்றில் இருக்கும் ஒரு முகத்துக்கும் நான் பிரதி கொடுத்ததில்லை. பனிக்காகக் கொடைக்கானல் போகிறவர்கள் மார்கழி விடியலில் கதிர் முற்றிய சம்பா வயலுக்கு ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். மலையில் பனி மூடினால் எதுவும் தெரியாது. வயலிலோ இடுப்பளவில் தங்கி, மேலே தென்னந்தலைகளை மட்டும் விட்டுவைக்கும்.

ஆண்டுத் திட்டம் போடுபவர்கள் மேட்டூரைக் கவனிக்க வேண்டும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24இலேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. வடுவூர்ப் பறவை, வயல் உழவு, படித்துறை நீர் எல்லாம் அதைப் பொறுத்தவை. தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் அந்த ஞாயிறுகளைச் சுவாமிமலைக்குக் கொடுக்கலாம். அங்கே மெழுகுச் சிலைமீது காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். உலோகத்தின் ஒளியே விளக்காக இருப்பதால் ஃபிளாஷ் வேண்டாம், 18-55 போதும், குறைந்த வெளிச்சத்திலும் படம் பதிய உதவும் ஐ.எஸ்.ஓ. அளவை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லா நாளும் வார்ப்பு நடக்காது. முதல் முறை வெறுங்கையோடு போய், அடுத்த வார்ப்பு என்றைக்கு என்று ஸ்தபதியிடம் கேட்டு, படமெடுக்கவும் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.