வேப்பங்கொட்டைக் கரைசலும் கொசுப்புழுவும்: தொடர்ந்து பயன்படுத்தினால் தெரிவது

கரைசலை ஊற்றிய மறுநாளே எட்டிப் பார்த்து, புழு நெளிவதைக் கண்டு "இது வேலைக்காகாது" என்று கைவிடுபவர்களே அதிகம். வேம்பு உடனே கொல்லும் நஞ்சல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் தோலுரிப்பைக் குலைக்கிறது. பல நாள் உயிரோடிருந்துவிட்டு, கூட்டுப்புழுவாக மாற முடியாமல் சாகும். ஆகவே செத்த புழுவை எண்ணிப் பயனில்லை, வெளிவரும் கொசுவைத்தான் எண்ண வேண்டும்.

ஓடு நீக்கிய வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழியவும். பால்போல் வெளுத்து வர வேண்டும். பூஞ்சணம் பிடித்த கொட்டையும், எட்டு மாதம் கடந்த கொட்டையும் வீரியம் இழந்தவை. பிழிந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

அளவுதான் தலைவலி. கொட்டைக்குக் கொட்டை வீரியம் மாறும். ஒரே தேங்குநீரை இரண்டு பாட்டிலில் லிட்டர் லிட்டராக எடுத்து, 25 இளம்புழுக்கள் வீதம் விட்டு, ஒன்றில் மட்டும் 10 மில்லி கரைசல் சேர்த்து, இரண்டையும் வலைத்துணியால் மூடிப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கொசு வந்தால் அளவைக் கூட்டலாம். கண்டபடி கூட்டினால் பருப்புச் சத்து அழுகித் தண்ணீர் நாறும். அழுக்குநீரைத் தேடும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அது விருந்து!

வெயில் படும் தொட்டியில் வீரியம் சில நாளிலேயே போய்விடும். வெப்பக் காலத்தில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை ஊற்றியே ஆக வேண்டும். ஒரு மழையில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

கூட்டுப்புழு எதையும் தின்னாது. கரைசல் அதனிடம் பெரிதாக எடுபடாது. கூட்டுப்புழுக்களைத் துணியில் வடித்துக் காய்ந்த தரையில் கொட்டிவிடலாம். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கரைசல் அதைத் தொடவே தொடாது. தேய்த்துக் கழுவுவது ஒன்றே வழி.

வேப்பெண்ணெயைத் தனியாக ஊற்றினால் திட்டுத்திட்டாக மிதந்து, காற்றடித்ததும் ஓரத்தில் ஒதுங்கும். சில துளி சோப்புக் கரைசலோடு நன்றாகக் குலுக்கினால்தான் தண்ணீரில் கலக்கும். குடிநீரிலும் மீன் வளர்க்கும் தொட்டியிலும் இவை எதுவும் வேண்டாம். குடிநீருக்கு இறுக்கமான மூடி போதும். வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்பதால், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.