புல்மோட்டை மணலும் மனுசியின் தைரொயிட் ரிப்போர்ட்டும்

திருகோணமலை நகரத்துக்குள்ளே இருக்கிற தனியார் லாப் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். போட்டால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. ரத்தம் எடுக்கிற பெடியனுக்கும் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கும்தான் ஏச்சு விழும். இரண்டு தரம் போனோம். முதல் தரம் வந்த ரிப்போர்ட் பிழை, இரண்டாம் தரம் வந்தது சரி. இரண்டு தரமும் மெசின் ஒன்றுதான், முறையும் ஒன்றுதான். எழுத வந்ததே அதனால்தான்.

முதலில் போக்குவரத்துச் சங்கதிகள். காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். ஆறே முக்காலுக்குப் போனால் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஏழரை தாண்டினால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து பஸ்ஸில் வருகிறவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள், பிறகு கதிரை கிடையாது. மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டால் ஹாண்டிலில் பை தொங்கவிடாதீர்கள். நான் வாழைப்பழச் சீப்போடு தொங்கவிட்டுப் போனேன். திரும்பி வர ஒரு புள்ளிமான் தோலோடு சேர்த்துத் தின்றுகொண்டு நின்றது. திருமலை மானுக்குப் பயம் என்பதே இல்லை. ஊசி போடுகிற பெடியனுக்கு நல்ல கை. மனுசியின் கையில் நரம்பு தேடுவது கிணற்றுக்குள் ஊசி தேடுகிற வேலை. இவன் ஒரே குத்தில் எடுத்துவிட்டான்.

எடுத்த சோதனை இரண்டு: தைரொயிட்டைத் தூண்டுகிற ரீஎஸ்எச், அதோடு தைரொயிட் சுரக்கிற ஹோர்மோனான எப்ரீ4. இரண்டுக்கும் சேர்த்து 3,600 ரூபாய். பின்னேரம் வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. ரீஎஸ்எச் 0.06. சாதாரணமாக 0.4இலிருந்து 4 வரை இருக்கவேண்டியது. எப்ரீ4 மேல் எல்லையைத் தாண்டி நின்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் தைரொயிட் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் மனுசியைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. மெலியவில்லை, கை நடுங்கவில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்கிறாள். டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், 72. ரிப்போர்ட்டைப் பார்த்தார், மனுசியைப் பார்த்தார், திரும்ப ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"அம்மா, வேற ஏதும் குளிசை போடுறீங்களோ?"

"இல்லை டொக்டர், பிரஷர் குளிசை மட்டும்தான்."

நான்தான் வாய் திறந்தேன். "கனடாவிலயிருந்து மகள் தலைமயிர் கொட்டாமலிருக்க ஒண்டு அனுப்பினவள். அதையும் போடுறா."

மனுசி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அது பயோட்டின் என்ற விற்றமின் குளிசை, ஒன்றில் 10 மில்லிகிராம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்கிரோகிராம். கணக்குப் போட்டால் முந்நூறு நாளுக்கு மேலே போதுமானதைத் தினமும் ஒரே விழுங்கில் விழுங்கியிருக்கிறாள். டொக்டர் சிரித்துவிட்டு, மூன்று நாள் நிறுத்திவிட்டுத் திரும்பச் சோதிக்கச் சொன்னார்.

இனி என்னைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. புல்மோட்டை கனிய மணல் ஆலையில் காந்தம் பார்த்த ஆள் நான். அங்கே கடற்கரை மணல் கறுப்பு. கறுப்புக்குக் காரணம் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் கலந்த தாது. மணலைக் கழுவிக் காயவைத்துக் காந்த உருளையில் விட்டால் இல்மனைட் இழுபட்டு ஒரு பக்கம் விழும். ரூட்டைலும் சிர்க்கோனும் காந்தத்தைச் சட்டை செய்யாமல் மற்றப் பக்கம் போகும். காந்தம் பொய் சொல்லாது, ஆனால் நீ என்ன போட்டாயோ அதைத்தான் பிரிக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளர் ஐயா சொல்லுவார். ஈர மணலைப் போட்டுவிட்டுக் காந்தத்தைத் திட்டிய எத்தனையோ புதுப் பெடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் இரண்டாம் தரம் போனபோது சண்டைக்குத்தான் போனேன், ஆனால் மெசினோடு சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, உங்கட மெசின் ரத்தத்தில என்னத்தைப் பிடிச்சுப் பார்க்குது?" என்று கேட்டேன். கேள்வி பிடித்துப்போயிற்றோ என்னவோ, கவுண்டருக்குப் பின்னாலே கூட்டிக்கொண்டு போனான். மெசினுக்குப் போடுகிற சோதனை மருந்தில் காலாவதியான போத்தல் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான். கித்துள் பாணியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி மண்ணிறம். மேசை லாச்சிக்குள் கிடந்த சின்னக் காந்தத்தைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மண்ணிறம் முழுவதும் காந்தம் இருந்த பக்கமாகப் போய்ச் சுவரில் அப்பிக்கொண்டது. மிச்சத் தண்ணீருக்கு அப்பால் அவன் விரல் ரேகை தெரிந்தது, அவ்வளவு தெளிவு. காந்தத்தை எடுத்துவிட்டு இரண்டு தரம் ஆட்டினான். திரும்பவும் பாணி.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. காந்தம் பிடித்ததுக்காக இல்லை, விட்டதுக்காக. ஆலையில் மணலோடு கலந்து வருகிற மக்னடைற் என்ற இரும்புத் தாதை ஒரு தரம் காந்தத்தில் போட்டால் பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடக்கும், உதறினாலும் போகாது. இங்கே காந்தம் போன உடனே எல்லாம் மறந்துபோகிறது. காரணம் அளவு. அந்த மண்ணிறம் முழுவதும் நுண்ணிய மணிகள். மணி ஒவ்வொன்றும் மூன்று மைக்கிரோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, சிவப்பணுவின் பாதிகூட வராது. அந்த மணிக்குள்ளே பொதிந்திருக்கிற இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் பத்து நானோமீற்றர் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் துண்டாக்கினால் அதில் பத்துத் துண்டு. அவ்வளவு சிறிதானால், அறைச் சூடே துகளின் காந்தத் திசையைக் குலைத்துக்கொண்டிருக்கப் போதும். வெளியே காந்தம் இருக்கும்வரை எல்லாம் ஒரு பக்கம் பார்க்கும், எடுத்தால் கலையும். ஒரே அளவு மணிகளைத் தயாரிக்கும் வித்தையை 1976இல் நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் கண்டுபிடித்தவர் ஜோன் உகெல்ஸ்டாட். அமெரிக்கர் அந்த மாதிரி மணிகளை 1980களில் விண்ணோடத்தில் ஏற்றிச் செய்து பார்த்தார்கள். மனுசன் தரையிலே நின்று செய்துவிட்டார்.

ரத்தத்திலேதான் இரும்பு இருக்கிறதே, பிறகு ஏன் வெளியிலிருந்து இரும்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஒழுங்கையில் காந்தக் காப்புப் போட்டிருக்கிற ஒருவரும் அதைத்தான் கேட்டார். காப்பு ரத்தத்தை இழுத்து ஓடவைக்கிறதாம். ஒட்சிசன் ஏறின ரத்தத்தைக் காந்தம் இழுக்காது, மிக மெல்லியதாகத் தள்ளும். லைனஸ் போலிங், சார்ள்ஸ் கோரியெல் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் 1936இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். காப்பு விற்றவருக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை.

லாப் மெசின் செய்வது இதுதான். ரீஎஸ்எச்சைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு பிறபொருளெதிரிகளை ரத்தத்தின் தெளிநீரில் விடுகிறது. ஒன்றின் வாலில் பயோட்டின் கட்டியிருக்கும், மற்றதன் வாலில் வெளிச்சம் தருகிற பொருள். மண்ணிற மணியின் தோலில் ஸ்ட்ரெப்ரவிடின் என்ற புரதம். பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தம் மணிகளைப் பிடித்துவைத்திருக்க, மிச்சமெல்லாம் கழுவுப்படும். எஞ்சியது தருகிற வெளிச்சத்தை அளந்தால் ரீஎஸ்எச் எவ்வளவு என்று தெரியும். கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கிறது. ஒரு துளி அழுக்கு இல்லாமல் கழுவுகிற அந்த வேலையைப் பார்க்க எனக்குப் புல்மோட்டை ஞாபகம்தான் வந்தது.

மனுசியின் ரத்தத்தில் என்ன நடந்தது? கனடாக் குளிசையின் பயோட்டின் முன்னுக்கே போய் மணிகளில் இடம் பிடித்துவிட்டது. பஸ் யன்னலுக்குள்ளாலே துண்டைப் போட்டுச் சீற் பிடிக்கிற கதை. துண்டு சொகுசாகச் சீற்றில் இருக்கும், ரிக்கற் எடுத்த ஆள் வெளியே நிற்பார். ரீஎஸ்எச்சைச் சுமந்துவந்த பிறபொருளெதிரிகளுக்கு இடமில்லை, தண்ணீரோடு கழுவுப்பட்டுப் போயின. வெளிச்சம் குறைந்தது, 0.06 என்று வந்தது. எப்ரீ4 சோதனை தலைகீழ்: அதில் வெளிச்சம் குறைந்தால் ஹோர்மோன் கூட என்று கணக்கு. ஆக ஒன்று பொய்யாகக் குறைந்து, மற்றது பொய்யாகக் கூடி, இரண்டு பொய்யும் சேர்ந்து ஒரு உண்மையான வருத்தத்தின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் பிழையாக வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இது லாப்காரருக்குத் தெரியாத புதுச் சங்கதி இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்டிஏ 2017 நவம்பரில் பகிரங்கமாக எச்சரித்தது. மாரடைப்புக்கான ட்ரோபோனின் சோதனை பயோட்டினாலே பொய்யாகக் குறைந்து காட்டி ஒரு உயிர் போனதையும் அந்த எச்சரிக்கையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை அதுதான். கவுண்டரில் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், போன் நம்பரை இரண்டு தரம் கேட்டார்கள், சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். என்ன குளிசை போடுறீங்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இரவு இதைப் பற்றியே வாசித்தேன். இந்த மண்ணிறத் துகள் போகாத இடமில்லை. 1996இல் அமெரிக்காவில் ஈரல் ஸ்கானுக்கு ஊசிமருந்தாக அனுமதித்திருக்கிறார்கள்: ஈரலின் துப்புரவுக் கலங்கள் துகளைத் தின்றுவிடும், எம்ஆர்ஐ படத்தில் நல்ல ஈரல் கறுத்துப்போகும், தின்னத் தெரியாத கட்டி வெள்ளையாகத் தெரியும். நல்ல யோசனை, ஆனால் அந்த மருந்து பிறகு சந்தையை விட்டுப் போய்விட்டது. 2009இல் வந்த பெருமொக்ஸிற்றோல், சிறுநீரக நோயாளரின் ரத்தசோகைக்கு இரும்பு ஏற்றுகிற ஊசி. அதுவும் இதே குடும்பம். அதை ஏற்றியவருக்கு மூன்று மாதம்வரை எம்ஆர்ஐ படம் மாறித் தெரியலாம். ஜேர்மனியில் மூளைக்கட்டிக்குள் துகளை ஏற்றி, நொடிக்கு ஒரு இலட்சம் தரம் திசை மாறுகிற காந்தப்புலத்தில் வைத்துச் சூடாக்கிக் கட்டியை வேகவைக்கிற சிகிச்சைக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பல்லில் அடைத்த உலோகத்தைக் கழற்றவேண்டும், பிறகு அந்த இடத்தை எம்ஆர்ஐயில் பார்க்கவும் முடியாது. எல்லா இடத்திலும் பாருங்கள், ஆளிடம் முன்கூட்டிக் கேட்கவேண்டிய ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டே வருகிறது.

சரி, லாப்புக்கு வருவோம். மூன்று நாள் குளிசை நிறுத்தி எடுத்த இரண்டாம் ரிப்போர்ட்டில் ரீஎஸ்எச் 2.3, எப்ரீ4 நடுவிலே. கட்டணத்தில் முதலில் ஒரு சதம்கூடக் குறைக்கமாட்டோம் என்றார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் "நீங்கள் என்ன குளிசை போடுறீங்கள்?" என்று கேட்கத் தொடங்கியதும் பாதியாகக் குறைத்தார்கள். ஊசிக்குப் பத்துக்குப் பத்து, மெசினுக்கு ஒன்பது, உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய தம்பிக்குப் பதினொன்று. கவுண்டருக்கு நாலு.

போன கிழமை என் சீனியைப் பார்க்கத் திரும்பப் போனேன். கவுண்டர் கண்ணாடியில் தமிழிலும் சிங்களத்திலும் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: மயிர், நகம், தோலுக்குக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவும். பாதியை நாட்காட்டி மறைக்கிறது. மாதக் கடைசியில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கிறபோது நாட்காட்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

குளிசைப் போத்தல் இன்னும் எங்கள் சாமித்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் கேட்டால் முடிந்துவிட்டது என்று சொல்லவேண்டுமாம். சொன்னால் அவள் இன்னொன்று அனுப்புவாள் என்பதை மனுசி யோசிக்கவில்லை.