பாலம் மாத்தேக்க ஓடையைக் காப்பாத்த வாங்கின சாமான்கள்: அஞ்சு புள்ளியில தும்பு ரோலுக்கு நாலு, கறுப்புச் சீலைக்கு ஒண்டரை

டித்வாப் புயல் அடிச்சு ஓஞ்ச பிறகு வன்னிக்க எங்க பாத்தாலும் பாலம் திருத்துறதும் மாத்துறதும்தான் கதை, அதால தெரிஞ்ச சைற் சுப்பவைசர்மார் ரெண்டு மூண்டு பேர் போன் எடுத்து நீங்கள் ஓடைக்கரையில ஏதோ தும்பு உருட்டிப் போட்டனீங்களாம், எங்க வாங்கினது, பிரயோசனமோ எண்டு கேக்கினம். ஆளாளுக்குச் சொல்லி வாய் நோகுது. எழுதிப் போடுறன், வாசிச்சிட்டு வேண்டுறதும் விடுறதும் உங்கட பாடு. ஒருத்தரும் எனக்குக் காசு தரேல்ல, சொல்லப்போனா ஒரு கடையில நான்தான் ஏமாந்தனான்.

சைற் வவுனிக்குளத்துக்குத் தண்ணி கொண்டாற கிளையோடை ஒண்டில. பழைய பாலம் ரெண்டு கண், கம்பி முழுக்கத் துருப்பிடிச்சு விலா எலும்பு மாதிரி வெளிய நிண்டது. அதை உடைச்சுப்போட்டு புதுசு கட்டுற வேல, 2025 வைகாசில தொடங்கி புரட்டாசி முடியுறதுக்குள்ள தண்ணிக்க இருந்து ஏறவேணும் எண்டு கணக்கு. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தரவை, கோரையும் ஒல்லியுமா மாரியில தண்ணி நிக்கிற இடம், அதுக்கங்கால போய்த்தான் குளம். விரால் புல்லுக்க கூடு வைச்சு குஞ்சு காக்கிறது அந்தத் தரவையிலதான், நத்தைகுத்தி நாரையும் அங்கதான் வந்து நிக்கும். நாங்கள் மேல கிண்டுற ஒவ்வொரு பெக்கோ மிசின் வாளி மண்ணும் மழை பெஞ்சா அங்க போய்ப் படியும், முட்டையை மூடும், மீனின்ர பூவை (செவுளை) அடைக்கும், மிச்சம் குளத்துக்க போய் குளத்தின்ர கொள்ளளவைக் குறைக்கும். வேல முடிஞ்சு நாங்கள் போயிடுவம், சேறு போகாது.

முதல் வாங்கினது கறுப்புச் சீலை. அதாவது சேறு மறிக்கிற துணி, தடி நட்டு வேலி மாதிரி இழுத்துக் கட்டுறது. வவுனியாவில ஒரு கடையில (பேர் வேண்டாம்) சேறு மறிக்கிற துணி இருக்கோ எண்டு கேட்டன், ஓம் ஓம் எண்டு சொல்லி ரெண்டு றோல் தூக்கித் தந்திட்டார். கொண்டந்து கட்டி முடிச்ச அண்டைக்குப் பின்னேரமே ஒரு மழை. கோடை மழைதான், அரை மணித்தியாலம் கூட இல்ல. மண்ணோட வந்த தண்ணி துணிக்குள்ளால வடியவேணும் எல்லோ, வடியேல்ல, துணி பாய்மரம் மாதிரி ஊதிக்கொண்டு வந்து தடியோட சேர்ந்து ஓடைக்க படுத்திட்டுது. அடுத்த நாள் ஒரு துண்டு வெட்டி வாளியில கட்டி சேத்துத்தண்ணி ஊத்திப் பாத்தன், சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது. உது தோட்டத்துக்குக் களை வராம நிலத்தை மூடுற சீற். தறப்பாளில கொஞ்சம் ஓட்டை போட்ட மாதிரி ஒரு சாமான். கடைக்காரர் வேணுமெண்டு ஏமாத்தினவரோ, அவருக்கே தெரியாதோ, மாத்தித் தாங்கோ எண்டா வெட்டின துணி எடுக்கமாட்டினமாம். ஆகவே வாங்கப் போறவை கடை வாசலிலயே ஒரு சாண் துண்டைப் பிடிச்சு கலங்கல் தண்ணி ஊத்திப் பாருங்கோ. தண்ணி போகவேணும், சேறு நிக்கவேணும், ரெண்டும் நடந்தாத்தான் அது நீங்கள் தேடுற துணி.

பிறகு கொழும்பில இருந்து சரியான துணி எடுப்பிச்சம். அதை முதல்ல ஓடைக்குக் குறுக்கால கட்டினதும் என்ர விசர் வேலதான், ஒளிக்கேல்ல. அந்த நேரம் நன்னீர் மீன்பிடிக்கிற ஒரு ஐயா சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு பாத்துக்கொண்டு நிண்டார்.

"என்ன தம்பி, ஓடைக்குச் சீலை கட்டுறியளோ?"

"ஓம் ஐயா, சேறு போகாம."

"ஓடுற தண்ணிக்கு ஆரும் சீலை கட்டுவினமோ. கரைக்குக் கட்டு ராசா, கரையில இருந்துதானே சேறு வருது."

ஒரு பயிற்சிப் பட்டறையில படிக்கவேண்டியதை அந்த மனுசன் சைக்கிள் ஹாண்டிலைப் பிடிச்சபடி சொல்லிப்போட்டுப் போனார். உண்மை அதுதான், இந்தத் துணி வெட்டவெளியா பரவி வாற தண்ணிக்கு, ஓடுற ஓட்டத்துக்கு இல்ல. மண் கும்பிக்கும் ஓடைக்கும் நடுவில, நிலத்தின்ர மட்டத்தோட ஒரே உயரத்தில போகவேணும், ரெண்டு நுனியும் மேட்டுப்பக்கம் வளைஞ்சு நிக்கவேணும், இல்லாட்டி தண்ணி சுத்திக்கொண்டு போயிடும். தடி துணிக்குக் கீழ்ப்பக்கம், 6 அடிக்கு ஒண்டு. எல்லாத்தையும் விட முக்கியம் துணியின்ர அடியை 6 இஞ்சி கிடங்கு வெட்டித் தாட்டு மிதிக்கிறது, அதைச் செய்யாட்டி தண்ணி அடியால போகும், மேல துணி வடிவா நிக்கும், பாக்க வாற ஆக்களும் சந்தோசமாப் படம் எடுத்துக்கொண்டு போவினம். சேறு துணியின்ர மூண்டில ஒரு பங்கு உயரத்துக்கு வந்தா வழிச்சு எடுக்கவேணும். இதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்ல, ஏனெண்டா பில்லில துணிக்குக் காசு இருக்கும், வழிக்கிற ஆளுக்குக் காசு இராது. எங்களுக்கு இன்னொரு சோலி, எருமை. பின்னேரம் தண்ணிக்கு வாறது நேர அதுக்குள்ளாலதான் வரும். கடைசியில அலம்பல் வெட்டி வெளிப்பக்கம் ஒரு வேலி போட்டு, அதுகளுக்கு வேற கடப்பு விட்டம். சரியான துணிக்கு மூண்டு புள்ளி குடுப்பன். தலைப்பில இருக்கிற ஒண்டரை அந்த வவுனியாச் சீலைக்கு.

இனி தும்பு ரோல். எனக்கு இதில ஒரு புழுகம் இருக்கு, மறைக்கேல்ல. தென்னந்தும்பை வலைக்குள்ள இறுக்கி அடைஞ்சு பெரிய தலையணை மாதிரி, 10 அடி நீளம், ஒரு அடி மொத்தம். குருநாகல் பக்கத்து மில் ஒண்டில எடுப்பிச்சது, வெளிநாட்டுக்கு அனுப்புற சாமானாம், எங்கட நாட்டு ஓடைக்குக் கேட்டு வந்த ஆக்கள் குறைவு எண்டு சிரிச்சவை. லொறிக் கூலியோட பில்லைப் பாத்திட்டு எங்கட கொந்தராத்துக்காரர் நெஞ்சில கை வைச்சவர், "தும்புக்கோ இவ்வளவு" எண்டு. காய்ஞ்சபடி ரெண்டு பேர் லேசாத் தூக்கலாம், நனைஞ்சா நாலு பேர் வந்தாலும் முனகுவினம், அதால வைக்கிற இடத்தைத் தீர்மானிச்சிட்டு இறக்குங்கோ.

கரையடியில மூண்டு இஞ்சிக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி அதுக்க கிடத்தி, ரோலும் ரோலும் முட்டுற இடத்தை தும்புக் கயித்தால தைச்சு, ரெண்டு பக்கமும் தடி அடிக்கவேணும். மில்காரர் கம்பி முளை தந்தவை, நான் அதை விட்டிட்டு ஊரில பூவரசங் கதியாலும் கிளுவைக் கதியாலும் வெட்டுவிச்சு அடிச்சன். வேலிக்கு நடுற கதியால்தான், புதுசா ஒண்டும் இல்ல. ஆவணி கடைசில பாத்தா கதியாலில துளிர். தும்பு உக்கிப்போக ரெண்டு வருசமோ அஞ்சு வருசமோ எடுக்கும், அதுக்கிடையில வேர் பிடிச்சிட்டா கரைக்கு வேற காவல் தேவையில்ல. கம்பி அடிச்சிருந்தா பிறகு ஆராவது பெடியன் குளிக்கப் போய் காலில குத்தியிருப்பான்.

ஒரு பயம் காட்டும், முதலே சொல்லிவைக்கிறன். போட்ட முதல் கிழமை தண்ணி தேத்தண்ணி நிறத்தில வரும். மீன்பிடிச் சங்கத்து ஆக்கள் ஓடி வந்திட்டினம், என்னத்தையோ கலந்திட்டியள் எண்டு. தும்பில இருந்து கழருற சாயம்தான் அது, கொஞ்ச நாளில நிண்டிடும். ரெண்டாம் லொறி வந்தோடன நான் ரோலுகளை ஒரு கிடங்கில ரெண்டு நாள் ஊறப்போட்டிட்டுத்தான் இறக்கினது, பிறகு சத்தமில்ல. நாலு புள்ளி, அஞ்சில ஒண்டு குறைச்சது விலைக்கும் லொறிக்கும். இஞ்ச வடக்கிலயும் தும்பு இருக்கு தென்னை இருக்கு, பளைப் பக்கம் ஆராவது செய்து வித்தா நான் முதல் ஆளா வாங்குவன்.

தும்புப் பாயும் வாங்கினது, சரிவுக்கு விரிச்சு அதுக்குள்ளால அறுகும் வெட்டிவேரும் நட்டம். நல்லது, ஆனா மாடு அறுகைத் திண்டிட்டுது. அவ்வளவுதான் அதைப்பற்றி.

சாமான் வாங்கினா மட்டும் காணாது எண்டதுக்கு ரெண்டு சம்பவம். ஒண்டு, கொங்கிறீட் போட்ட நாள். மிக்சர் லொறிக்காரர் போட்டு முடிச்சிட்டு, நான் சாப்பிடப் போன நேரம் பாத்து பீலியைக் கழுவி ஓடைக்க விட்டிட்டார். நான் வரேக்க ஒரு மடுவில தண்ணி பால் மாதிரி வெள்ளையா நிக்குது, சின்னக் கெளிறுகள் வாயைத் திறந்து திறந்து மேல வருது, கொஞ்ச நேரத்தில வயிறு மேல திரும்பிட்டுது. பச்சைச் சீமெந்துத் தண்ணியின்ர பிஎச் (காரத்தின்ர அளவு) 12க்கு மேல, மீனுக்கு 9 தாண்டினாலே கஸ்டம், கையில பட்டாலே எங்களுக்கு அரிக்கும் எல்லோ, அதுகள் அதைத்தான் மூச்சா எடுக்குதுகள். அந்த லொறிக்காரரைப் பேசி என்ன, கழுவ ஒரு கிடங்கு நான்தான் முதலே வெட்டியிருக்கவேணும். அடுத்த நாள் ஓடைக்குத் தள்ளி ஒரு கிடங்கு வெட்டி, வீட்டில கிடந்த பழைய நிவாரணத் தறப்பாளை (இன்னும் நல்லாத்தான் இருக்கு, எத்தின இடப்பெயர்வு கண்டது) அடியில விரிச்சு, இனிக் கழுவுறது இதுக்கதான் எண்டு பலகை எழுதி நட்டன். தண்ணி காய்ஞ்ச பிறகு சீமெந்து தட்டாக் கழண்டு வந்தது, உடைச்சு ரோட்டுக்கு நிரவினம்.

மற்றது மடு. ஆடி ஆவணியில ஓடை ஓடாது, அங்கங்க மடு மட்டும் நிக்கும், ஓடையில இருக்கிற அவ்வளவு மீனும் அதுக்கதான். அத்திவாரம் வெட்ட எங்கட மடுவை இறைக்கவேணும். பம்பைப் போட்டு இறைச்சா ரெண்டு மணித்தியால வேல, மீன் எல்லாம் சேத்தில துடிச்சுச் சாகும். அந்தச் சைக்கிள் ஐயாவைத்தான் கூப்பிட்டன். ரெண்டு பெடியளோட வலை கொண்டந்து இழுத்து, வாளி வாளியா மேல்மடுவுக்குக் கொண்டுபோய் விட்டினம். பெரிய விரால் நாலைக் கறிக்கு வைச்சிட்டினம், அதுக்கு நான் மற்றப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டன். இறைச்ச சேத்துத்தண்ணியையும் நேர ஓடைக்க விடாம தரவைக்கு மேல புல்லு நிலத்தில பரவவிட்டம், புல்லே வடிச்சிடும், அதுக்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்ல.

கரையில ஒரு மருதமரம் நிண்டது. பெக்கோ இறங்க அதைத் தறிக்கவேணும் எண்டு பெக்கோக்காரர் ஒரே பிடி. மற்றக் கரையால பாதை வெட்டுவம் எண்டன், அரை நாள் கூடப் போச்சு, பேச்சும் வாங்கினன். புரட்டாசி கடைசியில கியூம் பைப் (கொங்கிறீட் குழாய்) வைச்சு கிரவல் கொட்டின தற்காலிகப் பாதையையும் முழுக்க அள்ளி எடுத்தம், இன்னும் ரெண்டு மாதம் கிடக்கட்டும் எண்டு கேட்ட டிப்பர்காரருக்கு என்னில இப்பவும் கோவம்.

நவம்பர் கடைசியில டித்வா வந்தது. தண்ணி புதுப்பாலத்தின்ர தட்டைத் தொடுற அளவுக்கு ஏறி, ரெண்டு நாள் ஒருத்தரும் கிட்டப் போகேல்லாது. வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தன். துணி வேலி இல்ல, ஒரு துண்டு அங்கால பத்தையில கொழுவிக் கிடந்தது, ஆனா அது மாரிக்கு நிக்கிற சாமானும் இல்ல, வேல நேரத்துக்குத்தான், முதலே கழட்டியிருக்கவேணும், அது என்ர பிழை. தும்பு ரோலில பெக்கோ இறங்கின கரையில வைச்சதில ரெண்டு மூண்டு கழண்டு போட்டுது, கரையும் ஒரு ஆள் உயரத்துக்குக் கரைஞ்சிருந்தது. மருதமரம் நிண்ட கரையில ரோல் அப்பிடியே கிடக்கு, மேல ஒரு சாண் புது வண்டல், அதுக்குள்ளால பூவரசம் இலை. கிரவல் பாதையை எடுக்காம விட்டிருந்தா அது அவ்வளவும் தரவைக்கதான் போயிருக்கும்.

வட்டுவாகல் பக்கத்துத் தம்பி ஒருத்தர் இது தங்களுக்கும் சரிவருமோ எண்டு கேட்டவர். அங்க 2025 செப்டம்பரில புதுப்பால வேல தொடங்கினது தெரியும்தானே. அது நந்திக்கடல் களப்பு கடலோட சேருற வாய், அகலமான உப்புத்தண்ணி, ஓடை மாதிரி இல்ல. அப்பிடியான இடத்துக்கு, மேல மிதவையும் கீழ பாரச் சங்கிலியும் வைச்ச திரை இருக்கு, வேல செய்யிற இடத்தைச் சுத்தி விடுறது. நான் அதைப் பாவிச்சதில்ல, அதால புள்ளி போடேல்ல.

வவுனியாவில வாங்கின றோலில ஒண்டு பிரிக்காமலே மிஞ்சிக் கிடந்தது. இப்ப வீட்டில கத்தரிக்கண்டுகளுக்கு அடியில விரிச்சிருக்கு, ஒரு புல்லு முளைக்கேல்ல. அந்த வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு.