5,898 ரூபாய் 82 காசுக்கு ஒரு மின்னஞ்சல் வகுப்பு

ஈரோட்டில் 23 வருடங்களாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். ரவிக்கை வெட்டத் தெரிந்தவளுக்கு இணையத்தில் என்ன வேலை என்று என் தங்கையே கேட்டாள். கொரோனா காலத்தில் வகுப்பை மூடியபோது, 30 முதல் 42 வரை ஏழு அளவுகளுக்கும் ரவிக்கை மாதிரி வரைந்து பிடிஎஃப் கோப்பாக்கி வைத்திருந்தேன். மாணவிகளுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை விற்றால் என்ன என்று தோன்றிய வாரத்திலேயே அந்த விளம்பரம் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. 'மின்னஞ்சல் பட்டியல் உருவாக்குங்கள், உங்களுக்குத் தெரிந்ததை விற்று மாதம் ஒரு லட்சம் சம்பாதியுங்கள். அறிமுக வகுப்பு 99 ரூபாய்.'

பயிற்சி நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இன்னும் பத்து நிறுவனங்கள் இதையே விற்கின்றன. எதை வாங்கலாம், எதற்கு ஏமாறக்கூடாது என்று தெரிந்துகொள்ள என் அனுபவம் போதும்.

அந்த 99 ரூபாய் வகுப்பு ஞாயிறு காலை 11 மணிக்கு. இரண்டரை மணி நேரம். முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் பயிற்சியாளரின் கார், அவர் விட்ட வேலை, அவருடைய மாணவர்களின் வங்கிக் கணக்குப் படங்கள். ஒருவர் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா என்று கேட்டார். "அதெல்லாம் சம்பாதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில். சேவை விற்பவருக்கு ஆண்டின் மொத்த விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். எனக்கு அதைத் தெரு முனையில் இருக்கும் ஆடிட்டர் சொன்னார்.

கடைசியில் திரையில் ஒரு கடிகாரம் வந்தது. முழு வகுப்பு 19,999 ரூபாய், இப்போது மட்டும் 4,999, இன்னும் 14 நிமிடம் 59 விநாடி. எனக்குச் சந்தேகம் வந்து அதே பக்கத்தை என் கணவரின் கைப்பேசியில் திறந்தேன். அங்கே 15 நிமிடம் புதிதாக ஆரம்பித்து ஓடியது. மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே திறந்து பார்த்தேன், அப்போதும் 15 நிமிடம். இதற்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளில் தடை செய்த 13 தந்திரங்களில் 'பொய்யான அவசரம்' ஒன்று. இவ்வளவும் தெரிந்த பிறகும் வாங்கினேன். கட்டும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 5,898 ரூபாய் 82 காசு ஆனது. வரிக்கு மேல் வரி போட்ட மாதிரி என் முகம் இருந்ததாகக் கணவர் சொன்னார்.

உள்ளே 42 வீடியோக்கள், ஒன்பது பகுதிகள். பேசுவது தமிழ், சரக்கு அமெரிக்காவுடையது. எடுத்துக்காட்டெல்லாம் நாய் பழக்கும் பாடம் விற்ற ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி. மாதிரிக் கடிதத்தின் அடியில் டெக்சாஸ் மாநிலத்து முகவரி ஒன்று அப்படியே இருந்தது. வணிக மின்னஞ்சலில் அனுப்புகிறவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் அந்த இடம் அங்கே இருக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. என்னோடு படித்த ஊறுகாய் வியாபாரி ஒருவர் அந்த டெக்சாஸ் முகவரியை மாற்றாமலேயே மூன்று மாதம் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று பகுதிகளை ஓட்டிவிடலாம். மனதை மாற்று, பெரிதாக யோசி, விடியற்காலையில் எழு. நான் 23 வருடமாக ஐந்து மணிக்குத்தான் எழுகிறேன்.

நான்காவது பகுதியில் 'காந்தம்' வருகிறது. இலவசமாக ஏதாவது கொடுத்து மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொள்வது. தூண்டில் என்றே சொல்லியிருக்கலாம். நான் ரவிக்கைக்கு அளவெடுக்கும் அட்டை ஒன்று செய்தேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து, டாட் எனும் மடிப்புத் தையல் விழும் இடம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில், படத்தோடு. ஏழு மாதத்தில் 418 பேர் படிவத்தை நிரப்பினார்கள். அதில் முகவரியை உறுதிசெய்தவர்கள் 297 பேர்தான். உறுதிசெய்யும் கடிதத்தை நிறுத்திவிடுங்கள், எண்ணிக்கை கூடும் என்பது பயிற்சியாளரின் அறிவுரை. நான் நிறுத்தவில்லை. மீதி 121 முகவரிகளைப் பார்த்தால் காரணம் தெரியும். ஜிமெயில் என்பதை எத்தனை விதமாகத் தவறாக எழுதலாம் என்பதற்கு அது ஓர் அகராதி. பல பெண்களின் முகவரியைக் கைப்பேசி வாங்கிய கடையில் இருந்த பையன் போட்டுக் கொடுத்திருக்கிறான். கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும். நம் ஊரில் எல்லாரும் இருப்பது வாட்ஸ்அப்பில் என்ற உண்மை 42 வீடியோக்களில் ஓரிடத்திலும் வரவில்லை.

ஐந்தாவது பகுதி நன்றாக இருந்தது. சேர்ந்தவருக்கு முதலில் போகும் கடிதத்தைப் பற்றியது. ஒரு கடிதத்தில் ஒரே விஷயம், முடிவில் ஒரு கேள்வி, பதில் எழுதச் சொல்லுங்கள். "உங்கள் ரவிக்கையில் எந்த இடம் சரியாக அமைவதே இல்லை?" என்று கேட்டேன். 52 பதில்கள் வந்தன. அதில் 31 அக்குளில் விழும் சுருக்கத்தைப் பற்றி. கழுத்து இறங்குவதும் பின்பக்கம் தூக்குவதும்தான் பெரிய தொல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வகுப்பில் நேரில் கேட்டால் அக்குளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள் போலிருக்கிறது. கடிதத்தில் படம் எடுத்தே அனுப்பினார்கள்.

ஆறாவது பகுதிக்காகத்தான் பணம் கொடுத்தேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். சலிப்பூட்டும் பகுதி, 18 நிமிடம்தான். முதலில் நான் என் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு, மொத்தமாகக் கடிதம் அனுப்பித் தரும் மின்னஞ்சல் சேவை ஒன்றின் வழியாக 60 பேருக்கு அனுப்பினேன். பாதிப் பேருக்கு ஸ்பேமில், அதாவது குப்பைக் கடிதப் பெட்டியில், விழுந்தது. தங்கை மகன் வந்து பார்த்தான். "பெரியம்மா, கூகுள் பெயரைப் போட்டு வேறு யாரோ தபால் போட்டால் கூகுள் சும்மா இருக்குமா?" என்றான். சொந்தமாக ஒரு டொமைன், அதாவது நம் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்க வேண்டும், முதல் வருடம் 799 ரூபாய். அந்தப் பெயரில் இன்ன சேவை கடிதம் அனுப்பலாம் என்று எழுதிவைப்பது எஸ்பிஎஃப். வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லை என்பதற்கான அரக்கு முத்திரை டிகிம். இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டன. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தும் நிலைக்குப் போகவே கூடாது. நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனாலும் மூன்றையும் போட்டேன், கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

ஏழாவது பகுதியில் எனக்குக் கோபம் வந்தது. விற்பனைக் கடிதம் எழுதுவது எப்படி. வலியைத் தொடு, அதைக் கிளறு, பிறகு மருந்தைக் காட்டு. எனக்கென்று தயாரித்துக் கொடுத்த மாதிரியின் முதல் வரி, "உங்கள் உடல்வாகைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்களா?" என் மேஜை முன்னால் நிற்கிற எந்தப் பெண்ணிடமாவது இப்படிக் கேட்டுவிட்டு அளவு நாடாவைக் கையில் எடுக்க முடியுமா? அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, 'ஏழு அளவுகள், 249 ரூபாய், நூறு சதவீத அளவில் அச்சிடவும்' என்று எழுதி அனுப்பினேன்.

போனஸ் என்று ஒரு எக்செல் கோப்பு கொடுத்தார்கள். தமிழ்நாட்டு மின்னஞ்சல் முகவரிகள் 50,000. திறந்து ஈரோடு என்று தேடினேன். நிறைய வந்தன. கீழே இறக்கிக்கொண்டே போனால் 18,406ஆவது வரிசையில் நான். என் பெயரில் ஓர் எழுத்து பிழை. அந்தப் பிழையோடு என் பெயரை ஒரே ஓரிடத்தில்தான் எழுதியிருக்கிறேன், பல வருடம் முன்பு ஒரு பொருட்காட்சியில், குக்கர் பரிசுக்கான கூப்பனில், அவசரத்தில். குக்கர் வரவில்லை. பெயர் மட்டும் ஊர் ஊராக விலைபோய் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. என் கடையில் அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. யாருடைய மார்பளவு என்ன என்பது அதில் இருக்கும். அதை யாராவது எக்செல் போட்டு விற்றால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே கோப்பை அழித்தேன்.

ஏழு நாளுக்குள் பணம் திருப்பித் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறாம் நாள் கேட்டேன். ஒன்பது பகுதிகளின் வீட்டுப்பாடத்தையும் முடித்த சான்று அனுப்பச் சொன்னார்கள். ஒன்பதாவது பகுதி எட்டாம் நாள்தான் திறக்கும்.

எட்டாவது பகுதி எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இருக்கும், அது இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021இல் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. அதன் மின்னஞ்சல் செயலியில் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் அந்தப் படம் தானாக இறங்கிவிடும். பாடம் அதற்கு முந்தைய காலத்தது. சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் ஐபோன் வைத்திருக்கிற என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் என் கடிதங்களை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள் என்று சில மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பகுதி அடுத்த வகுப்புக்கான விளம்பரம், 24,999 ரூபாய்.

விற்றுப் பார்த்தபோது வந்த சிக்கல்கள் எதுவும் பாடத்தில் இல்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண், 36க்கு வெட்டினால் 34க்குக் கூடப் போதவில்லை என்று எழுதினாள். அந்தப் பிடிஎஃப்பை பிரவுசிங் சென்டரில் அச்சிட்டிருக்கிறாள். 'தாளுக்குள் அடக்கு' என்ற கட்டம் தேர்வாகியிருந்ததால் எல்லாமே 94 சதவீதமாகச் சுருங்கிவிட்டன. இப்போது முதல் பக்கத்தில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று போட்டிருக்கிறேன், நாடாவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்திரி வைக்க வேண்டும். டொரண்டோவிலிருந்து வாங்கியவருக்கு (பணம் கட்டியது ஈரோட்டில் இருக்கும் அவர் அக்கா) முன்பக்கத் துண்டின் அடிப்பகுதியே காணவில்லை. அங்கே ஏ4 தாள் கிடையாது, லெட்டர் என்ற தாள். ஏ4ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை. அந்த 18 மில்லிமீட்டரில்தான் இடுப்புப் பட்டி சேரும் கோடு இருந்தது.

பிறகு என் தப்பே ஒன்று அகப்பட்டது. 38 அளவின் பின்பக்கத்தில் தையலுக்கு விடும் அரை அங்குலத்தைச் சேர்க்க மறந்திருந்தேன். கடையில் தப்பாக வெட்டினால் துணியைக் கையில் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். இது யார் வீட்டு அலமாரியில் என்ன பட்டுத் துணிக்காகக் காத்திருக்கிறதோ! அன்று இரவு 11 மணிக்கு, வாங்கிய 38 பேருக்கும் ஒரே கடிதம், திருத்திய கோப்போடு. வாங்கியவர்களுக்கு விளம்பரம் எதுவும் இல்லாமல் நான் அனுப்பிய முதல் கடிதம் அதுதான், அவர்களிடமிருந்து அதிகப் பதில் வந்ததும் அதற்குத்தான். பவானியிலிருந்து ஒருவர், "நானும் டெய்லர்தான் அக்கா, பார்த்தவுடனேயே அரை அங்குலம் கூட்டித்தான் வெட்டினேன், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தேன்" என்று எழுதியிருந்தார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 249 ரூபாயில், பணம் வாங்கித் தரும் சேவைக்கு இரண்டு சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போனால் 243 ரூபாய் 12 காசு கையில் நிற்கிறது. 38 பேருக்கு 9,238 ரூபாய். அறிமுக வகுப்பின் 99 ரூபாயை விட்டுவிட்டு, முழு வகுப்புக் கட்டணமும் டொமைனும் கழித்தால் ஏழு மாதத்தில் லாபம் 2,540 ரூபாய். லைனிங் வைத்து நான்கு ரவிக்கை தைத்தால் வருகிற பணம். மாதம் ஒரு லட்சம் எந்த ஊரில் வருகிறது என்று தெரியவில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் ஐந்தாவது, ஆறாவது பகுதிகளுக்கு. அவற்றில் இருப்பதை மின்னஞ்சல் சேவைகளே தங்கள் உதவிப் பக்கங்களில் இலவசமாக எழுதி வைத்திருக்கின்றன, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் ஆறாவது பகுதியை முதலில் பாருங்கள், மாதிரிக் கடிதத்தின் அடியில் டெக்சாஸ் முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள், எக்செல் கோப்பில் 18,406ஆவது வரிசைக்குத் தயவுசெய்து எதுவும் அனுப்ப வேண்டாம்.