அரசியல் அறிவியலா, பன்னாட்டு உறவுகளா, பொது நிர்வாகமா?

அரசைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவர், விண்ணப்பப் படிவத்தில் இம்மூன்று பெயர்களைக் கண்டு தயங்குவதுண்டு. முதலாண்டுப் பாடங்கள் பலவும் பொதுவாக இருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றே என்று தோன்றக்கூடும். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு.

எடுத்த முடிவு எவ்வாறு நிறைவேறுகிறது என்பதே பொது நிர்வாகத்தின் கேள்வி. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன், நிர்வாகத்தைத் தனித் துறையாகப் பயில வேண்டும் என்று 1887-இல் எழுதினார். அரசுப் பணியே குறிக்கோள் என்று உறுதியாக இருப்பவருக்கு இது நேர்வழி.

பன்னாட்டு உறவுகள் போரின் கவலையில் பிறந்த துறை. முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1919-இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் இதற்கான முதல் பேராசிரியர் பதவி உருவாயிற்று. ஈர்ப்பு மிகுந்த படிப்புதான். ஆயினும் ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை அதன் உள்நாட்டு அரசியலிலும் வேர்கொண்டிருப்பதால், அதை அறியாமல் இதில் இறங்குபவர் நாடுகளைச் சதுரங்கக் காய்களாகப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகிறார்.

அரசியல் அறிவியல் அந்த உள்நாட்டு இயக்கத்தையே ஆராய்கிறது. ஒரு கட்சி எல்லாத் தொகுதிகளிலும் சீராக 20 விழுக்காடு வாக்குப் பெறுவதாகக் கொள்வோம். அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையில் அதற்கு ஓர் இடமும் கிடைக்காமல் போகலாம். வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறையிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் கிடைக்கும். இவற்றில் முதலில் சொன்ன முறை இரு கட்சி அமைப்பை நோக்கித் தள்ளும் என்றார் பிரெஞ்சு அறிஞர் மோரீஸ் துவெர்ஜே. அப்படியானால் அதே முறையைப் பின்பற்றும் கனடாவில் பல கட்சிகள் நிலைத்திருப்பது ஏன்? குறிப்பிட்ட வட்டாரத்தில் மட்டும் செல்வாக்கு மிகுந்த கட்சி, நாடளாவிய வாக்கு குறைவாக இருந்தாலும் இடங்களை வென்றுவிடும் என்பது விடையின் ஒரு பகுதி. விதி, விலக்கு, விலக்குக்கான காரணம் என்று தொடரும் இந்தப் பயிற்சியே இத்துறையின் பெரும் பயன். கணக்குக்கு அஞ்சிக் கலைப் படிப்புக்கு வந்தவர்களைப் புள்ளியியல் இங்கும் எதிர்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரடியான வேலைப் பெயர் எதையும் இப்பட்டம் தருவதில்லை. அது மெய்யான குறைதான். இருந்தும், இலக்கு இன்னும் தெளிவாகாதவர் இளங்கலையில் அரசியல் அறிவியலையும் முதுகலையில் மற்ற இரண்டில் ஒன்றையும் படிப்பதே மேல் என்பது என் கருத்து. சேரும் முன், ஒப்பீட்டு அரசியலும் ஆய்வு முறையியலும் பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.