ஷொக் போர்க் உள்ள சைக்கிளுக்கு மட்காட் பூட்டக் கொடுப்பவர்களின் கவனத்திற்கு

மழைக்காலம் நெருங்கும்போது எங்கள் மலையக நகரங்களின் சைக்கிள் கடைகளில் மட்காட் கேட்டு வருவோர் கூடிவிடுகிறார்கள். கையிருப்பில் உள்ள எதையோ எந்தச் சைக்கிளிலாவது பூட்டிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வேலை நடப்பதும் இந்த நேரத்தில்தான். என் அக்காவின் மகனுடைய சைக்கிளில் அவ்வாறு பூட்டப்பட்ட முன் மட்காட் ஓட்டத்தின் நடுவே சில்லைப் பிடித்ததால், ஹட்டனிலிருந்து டிக்கோயா நோக்கி இறங்கும் வழியில் அவன் விழுந்து மணிக்கட்டில் காயப்பட்டான். பின்னால் வாகனம் எதுவும் வராததால் அத்தோடு போயிற்று. பிள்ளையின் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் மாலையில் அதைத் திரும்ப எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நேரடியாக விழும் சரிவில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு அருகிலுள்ள வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மட்காட் இல்லாத சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில், இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் செம்மண் கோடு விழுந்துவிடும். மலைச் சைக்கிள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மட்காட் இல்லாமலே வருவதால், அதைத் தனியாக வாங்கிப் பூட்டுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நான் போன கடையில், 27.5 அங்குலச் சில்லும், முன்பக்கம் அதிர்வைத் தாங்க அமிழ்ந்தெழும் ஷொக் போர்க்கும் உள்ள சைக்கிள் என்று சொல்லியே மட்காட் கேட்டேன். "எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும் சேர், நாங்கள் பார்த்துப் பூட்டித் தருகிறோம்" என்று சொல்லி, ஒரு சோடியையும் பூட்டுக்கூலியையும் சேர்த்து 7,000 ரூபாவுக்குக் கிட்ட வாங்கினார்கள். மாலையில் சைக்கிளைப் பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு வாரம் போவதற்குள், "மாமா, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்னுக்குக் கரகரவென்று கேட்கிறது" என்று பையன் சொன்னான். கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, புது மட்காட் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகே அவன் விழுந்தான்.

விழுந்த பின்னர் மட்காட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் உட்புறத்தில் டயரின் முட்கள் உரசி உரசி மினுமினுப்பாக்கிய கறுப்புத் தடம் ஓர் உள்ளங்கை நீளத்துக்கு இருந்தது. மட்காட்டைத் தாங்கும் கம்பிகளைக் கட்டியிருந்த கேபிள் டைகளில் ஒன்று இரண்டு விரல் மேலே நழுவிப் போர்க் காலின் பெயின்டைக் கீறியிருந்தது. காரணம் அப்போதே விளங்கிவிட்டது. ஷொக் போர்க்கின் மேற்பகுதியான தலை சைக்கிளின் சட்டத்தோடு நிற்பது. அதன் கீழ்க்கால்கள் சில்லோடு சேர்ந்து மேலும் கீழும் அசைபவை. கடைக்காரர் மட்காட்டின் நடுப்பகுதியை ஓர் இரும்புப் பட்டையால் போர்க்கின் தலையோடு முறுக்கி, கம்பிகளைக் கீழ்க்கால்களில் கட்டியிருந்தார். முன் பிரேக்கைப் பிடித்ததும் போர்க் அமிழ்கிறது, தலை கீழே இறங்குகிறது, அதோடு பிணைத்த மட்காட்டும் டயரை நோக்கி இறங்குகிறது. இப்படிப்பட்ட போர்க்குகள் பொதுவாக 80 முதல் 100 மில்லிமீற்றர் வரை அமிழக்கூடியவை. டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விடப்பட்டிருந்ததோ ஒரு விரல் இடைவெளி. அதனால் சமதரையில் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிய சைக்கிள், வளைவில் இறுக்கிப் பிரேக் பிடித்த நேரத்தில் மட்காட்டின் வால்பகுதியை டயரால் மேலே இழுத்துச் சுருட்டிச் சில்லை இறுக்கிவிட்டது. பின்சில்லு இறுகினால் சைக்கிள் சறுக்கும்; முன்சில்லு இறுகினால் ஓடுபவர் ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். ஆகவே முன் மட்காட்டைப் பூட்டும் வேலையை அலங்கார வேலையாக எண்ணும் ஒருவரிடம் சைக்கிளைக் கொடுக்கவே கூடாது.

அளவும் தவறானது. டயரின் பக்கவாட்டில் 54-584 என்று அச்சிடப்பட்டிருந்தது. இதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம், இரண்டுமே மில்லிமீற்றரில். 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு இரண்டாவது எண் 559. பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு 635. மட்காட் டயரைவிடக் குறைந்தது 8 முதல் 10 மில்லிமீற்றராவது அகலமாக இருந்தால்தான் பக்கங்களால் தெறிக்கும் சேற்றையும் தடுக்கும், உரசாமலும் இருக்கும். எங்களுக்குத் தந்தது டயரின் அகலத்துக்கே மட்டுமட்டாக இருந்ததோடு, 26 அங்குலச் சில்லுக்கு வளைத்ததாகவும் இருந்தது. கடையில் எவரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு ஆறாத வருத்தம் பின்பக்கத்தைப் பற்றியது. கம்பி பூட்டுவதற்கான துளை சைக்கிளில் இல்லாததால், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அலுமினியச் சட்டத்தின் பின் குழாயில் துளைபோட்டு ஆணியை முறுக்கியிருந்தார்கள். பாரமும் அதிர்வும் தாங்கும் மெல்லிய குழாயில் போட்ட துளை, பின்னாளில் வெடிப்பு தொடங்கும் இடமாகிவிடலாம். உள்ளே ரப்பர் வைத்த வளையக் கவ்விகளைக் குழாயைச் சுற்றி மாட்டினால் துளையே தேவைப்பட்டிருக்காது. அவை விலை கூடிய பொருளும் அல்ல.

கடையில் கேட்டபோது, பையன் வேகமாக ஓடியிருப்பான் என்றார்கள். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். பற்றுச்சீட்டில் கடையின் பெயரோ பொருளின் அளவோ இல்லை. "மட்காட் செட்" என்று மட்டும் எழுதியிருந்தது. முறைப்பாடு செய்யப் போவதாகச் சொன்ன பின்னர் மட்காட்டின் விலையைத் தந்தார்கள். கூலியையும் தரவில்லை, துளைக்கும் பொறுப்பேற்கவில்லை.

பிறகு வேறொரு நகரில் வயதான ஒரு பாஸிடம் சைக்கிளைக் கொண்டுபோனோம். அவர் முதலில் குனிந்து டயரின் எண்ணைத்தான் வாசித்தார். "மட்காட் சில்லோடு போக வேணும் சேர். ஒரு முனையை மேலேயும் மறு முனையைக் கீழேயும் கட்டினால் அது எங்கே போகும்?" என்று சொல்லிவிட்டு, போர்க்கின் இரு கீழ்க்கால்களையும் இணைக்கும் வளைவிலேயே நடுப்பகுதியை முறுக்கிக் கம்பிகளையும் அதே கால்களில் கவ்விகளால் பூட்டினார். இப்போது எல்லாம் சில்லோடு சேர்ந்தே அசைகின்றன. முன் கம்பிகளின் நுனியில், குச்சியோ கல்லோ சிக்கினால் தானாகக் கழன்றுவிடும் பிளாஸ்டிக் பூட்டுகளையும் போட்டார். நீண்டு நின்ற கம்பி நுனிகளை வெட்டி மூடினார். இறுதியில் பையனை ஹேண்டிலில் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தச் சொல்லி, போர்க் அமிழ்ந்து நிற்கும்போதே முன்சில்லைத் தூக்காமல் முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினார். காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்துபாருங்கள். ஒரு நிமிடம் போதும். உரசும் சத்தம் துளியளவு கேட்டாலும் சைக்கிளை எடுக்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் கடையின் பெயர், திகதி, டயரின் எண், செய்த வேலை ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பனையாளரின் கடமை. ஏமாற்றப்பட்டிருந்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டைப் பொருளை வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மட்காட்டைக் கழற்றுவதற்கு முன்பே, அது பூட்டப்பட்டிருந்த விதத்தைப் பல பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கழற்றிய பின் கடைக்காரர் தாம் அப்படிப் பூட்டவில்லை என்று சொல்லிவிட முடியும்.