எஸ்ரேஜ் எலைசா கிட்: பைபாஸுக்குப் பின் நுரையீரலை அளக்க உதவுமா?

இதய அறுவைக்குப் பின் நுரையீரல் காயத்தை அளக்க உதவும் எஸ்ரேஜ் (sRAGE) எலைசா கிட்டை, அதாவது ஆன்டிபாடி கொண்டு ரத்தத்தில் இந்தப் புரதத்தை அளக்கும் கிட்டை, ஆய்வகத்துக்குத் தாராளமாக வாங்கலாம். ஐசியு படுக்கையோரத்துக்கு வேண்டாம். காற்றறைச் சுவரின் முதல் வகை செல்கள் அடிபடும்போது ரத்தத்தில் கூடும் புரதம்தான் எஸ்ரேஜ். நுரையீரல் காயத்தைக் காட்டும் இன்னொரு புரதமான சிசி16-ஐ (CC16) விட இதையே நம்பலாம். சிசி16 சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், பம்புக்குப் (அறுவையின்போது இதய, நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரம்) பின் சிறுநீரகம் சுணங்கினாலே அளவு ஏறிவிடும்.

கிட்டின் 96 குழித் தட்டில் ஸ்டாண்டர்டுக்கு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 16 போக, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் ஓட்டினால் 40 மாதிரிகள்தான். நிறத்தை 450 நானோமீட்டர் ஒளியில் படிக்க வேண்டும்.

சொதப்பல் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்து, 30 நிமிடத்துக்குள் சுழற்றி, சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி மறுபடி உறையவைத்தால் போச்சு. பிளாஸ்மா சிவந்திருந்தால் தனியே குறித்துவையுங்கள், பம்பு சிவப்பணுக்களை உடைத்திருக்கலாம். மயக்கம் கொடுக்கும் முன் எடுத்த மாதிரி கையில் இல்லையென்றால் மற்ற எண்களை எதோடு ஒப்பிடுவது? பம்பை நிறுத்திய சில மணி நேரத்திலேயே எஸ்ரேஜ் உச்சத்தைத் தொடும். மறுநாள் காலை மட்டும் எடுத்தால் அது கைநழுவிவிடும். பம்பில் நிரப்பும் திரவம் ஒரு லிட்டருக்கு மேல் போய் ரத்தத்தை நீர்த்துவிடுவதால், ஹீமேட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வைத்துத் திருத்தாத அளவு குறைவாகவே காட்டும்.

ஓட்டி முடிக்க நாலைந்து மணி நேரம். அதற்குள் ஏபிஜியும் (தமனி ரத்த வாயுச் சோதனை) எக்ஸ்ரேயும் வந்துவிடும். படுக்கையோரத்துக்கு வேண்டாம் என்பது அதனால்தான்.